பலாப்பழத்துக்கு வயிற்று வலி

கேள்வி கேட்டவருக்கு வயது ஐம்பத்தொன்று. பதில் சொல்ல வேண்டியவருக்கு முப்பத்தொன்று. ஆகவே இந்தக் குரு சீடர் கதையில் தாடி கிடையாது, மரத்தடியும் கிடையாது. உப்பளக் கரையில் ஒரு தர்ம ஆஸ்பத்திரி, அதன் தரைத்தளத்தில் ஒரு ஸ்கேன் அறை, அந்த அறைக்குள் பல்லைத் தந்தியடிக்க வைக்கிற ஏசி. ஆசிரமம் அவ்வளவுதான்.

கேட்டவர் கொம்பையா. முப்பது வருஷமாக மனிதர்களை உள்ளே படம் பிடிக்கிறவர். இருட்டறையில் எக்ஸ்ரே பிலிமைக் கழுவிக் கொடியில் காயப்போட்ட காலத்திலிருந்து இருக்கிறார். இப்போது சி.டி. மிஷின் அவர் கையில். வளையத்துக்குள் ஆள் படுத்து ஒருமுறை போய் வந்தால் போதும், வயிற்றை வாழைக்காய் சீவுகிற மாதிரி வில்லை வில்லையாகக் காட்டிவிடும்.

சொல்ல வேண்டியவர் பௌசியா. எந்த மிஷின் எவ்வளவு கதிரை மனிதன் மேல் விடுகிறது என்று அளந்து பார்ப்பதற்கென்றே படித்தவர். வியாழக்கிழமைதோறும் திருநெல்வேலியிலிருந்து பஸ்ஸில் வருவார். ஒரு பெட்டி நிறைய அளவைக் கருவிகள், ஒரு டிபன் பாக்ஸ், பேச்சு மட்டும் கொஞ்சம்தான்.

அவர் உள்ளே நுழைந்ததும் கொம்பையா எழுந்து நிற்பார். அதைப் பார்த்து நர்ஸ் ஆக்னஸ் கோயில் மணிக்காரர் குரலில், “குரு வந்துட்டாவ, சீடர் கன்னத்துல போட்டுக்கிடுங்க” என்று சொல்லிவிட்டுப் போவார். கொம்பையாவுக்குக் கோபம் வராது. தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்க அவர் வெட்கப்படுகிற ஆள் இல்லை.

அந்த வியாழக்கிழமை அவர் கேட்டது இது.

“மேடம், படம் கெடாம கதிரை எவ்வளவு குறைக்கலாம்?”

பௌசியா பெட்டியைத் திறந்தபடியே கேட்டார். “யாருக்கு அண்ணாச்சி?”

கொம்பையா சொன்னார்.

சந்தனமாரி என்று ஒரு பெண். இருபத்தெட்டு வயது. உப்பளத்தில் உப்புச் சுமக்கிறாள். வெயிலில் நின்று நின்று, தண்ணீர் குடிக்க ஒதுங்க நேரமில்லாமல், சிறுநீரகத்தில் கல் வருவதும் போவதுமாக இருக்கிறது. இரண்டு வருஷத்தில் ஐந்து தடவை ஸ்கேன் சீட்டோடு வந்துவிட்டாள். ஐந்தாவது தடவை கொம்பையாவுக்கு மனசு கேட்கவில்லை. வயசுப் பிள்ளை, இன்னும் எத்தனை தடவை வர வேண்டியிருக்குமோ என்று நினைத்து, யாரிடமும் சொல்லாமல் கதிரைப் பாதியாகக் குறைத்துப் படம் எடுத்தார்.

படம் டாக்டர் ஞானாயுதத்திடம் போனது.

ஸ்கேன் சீட்டு எழுதுகிறவரும் படம் பார்த்து ரிப்போர்ட் எழுதுகிறவரும் டாக்டர் ஞானாயுதம்தான். கெட்டிக்காரர். அவருக்குப் படம் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும். ஈரல் ஈரலாக, குடல் குடலாக, கொழுப்புக்கூடக் கல்யாண வீட்டுக்கு வந்த மாதிரி பளிச்சென்று இருக்க வேண்டும். அன்றைக்கு வந்த படத்தில் புள்ளி புள்ளியாக மணல் தூவியிருந்தது. டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கீழ்த்தளம் முழுக்கக் கேட்கிற மாதிரி நிதானமாகக் கேட்டார்.

“என்னவே கொம்பையா இது? படமா, ரவையா? நான் ரிப்போர்ட் எழுதவா, உப்புமா கிண்டவா?”

மறுபடி எடுக்கச் சொல்லிவிட்டார். முழுக் கதிரில். ஒரு பங்கு வாங்கிக்கொண்டு போக வேண்டியவள், இவருடைய நல்ல மனசால் ஒன்றரைப் பங்கு வாங்கிக்கொண்டு போனாள்.

போகும்போது சந்தனமாரி சண்டை போடவில்லை. அதுதான் கொம்பையாவை அரித்தது. மிஷின் படுக்கையிலிருந்து இறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டே, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பதைப் போலக் கேட்டாள்.

“அண்ணாச்சி, சீட்டு அஞ்சு. படுத்தது ஆறு. இந்த உடம்பு இன்னும் எத்தனை தாங்கும்?”

கொம்பையா தரையைப் பார்த்தார்.

இன்னும் மூன்று வாரத்தில் அவள் வருவாள். மருந்து சாப்பிடுகிறாள், கல் வெளியே போய்விட்டதா என்று பார்க்க வேண்டும். சீட்டு இப்போதே எழுதியாகிவிட்டது. முழுசாகக் கொடுக்கவும் மனசில்லை, குறைத்து எடுத்து இன்னொரு தடவை இரண்டு முறை படுக்க வைக்கவும் மனசில்லை என்று கொம்பையா சொல்லி முடித்தார்.

பௌசியா கருவிகளை ஒவ்வொன்றாக மேசையில் வைத்தார். பிறகு சொன்னார்.

“அடுத்த வியாழன் ஒரு பலாப்பழம் வாங்கிட்டு வாங்க அண்ணாச்சி. ஒரு ஆள் வயிறு அளவுக்கு.”

சொல்லிவிட்டுக் கருவியோடு மிஷின் பக்கம் போனார்.

இது தட்சணையா, தண்டனையா என்று ஆக்னஸ் ஒரு வாரம் முழுக்க ஆராய்ச்சி செய்தார். கொம்பையா புதன்கிழமை சாயந்திரம் மார்க்கெட்டுக்குப் போனார். ஒவ்வொரு பழமாகத் தூக்கித் தன் தொப்பையோடு சேர்த்து வைத்துப் பார்த்தார். பழக்காரர் கொஞ்ச நேரம் பொறுத்தார். பிறகு, “எத்தனை பேருக்கு அண்ணாச்சி, விசேஷமா?” என்று கேட்டார். ஸ்கேனுக்கு என்று கொம்பையா உண்மையைச் சொன்னார். பழக்காரர் அவசரமாக எடை போட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

வியாழக்கிழமை. பௌசியா பலாப்பழத்தை வாங்கிக்கொண்டு அறைக்கதவைச் சாத்திக்கொண்டார். கால் மணி நேரம். கதவு திறந்தபோது பலாப்பழம் மிஷின் படுக்கையில் மல்லாந்து கிடந்தது. இடுப்பில் பட்டை கட்டியிருந்தது. அடிப்பக்கம் சின்னதாக ஒரு துளை போட்டுப் பஞ்சு வைத்துப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. ஆப்பரேஷன் முடிந்து வந்த நோயாளி என்றால் நம்பலாம்.

ஆப்பரேஷன் தியேட்டரில் எப்போதோ எடுத்த ஒரு சிறுநீரகக் கல், நாலு மில்லிமீட்டர், பழத்துக்குள் போயிருப்பதாகப் பௌசியா சொன்னார். வேலை சுலபம். அந்தக் கல்லைக் கண்டுபிடிக்க வேண்டும்.

பெயர், வயது, தொந்தரவு மூன்றும் பதியாமல் அந்த மிஷின் நகராது. ஆக்னஸ் ஓடி வந்து பதிந்தார். பெயர்: பலா. வயது: நான்கு மாதம். தொந்தரவு: வயிற்று வலி.

ஐந்து முறை எடுத்தார்கள். முதலில் முழுக் கதிர். பிறகு பாதி, மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று. கடைசியில் பத்தில் ஒன்று. கொம்பையா திரை முன்னால் உட்கார்ந்தார்.

முழுக் கதிரில் பலாப்பழம் அரண்மனை மாதிரி இருந்தது. ஒவ்வொரு சுளையும், சுளைக்குள் கொட்டையும், நடுவில் தண்டும் எண்ணி எடுக்கலாம் போல. கல் வெள்ளைப் புள்ளியாகத் தண்டுக்குப் பக்கத்தில் மின்னியது.

“கல் தெரியுதா?”

“தெரியுது மேடம்.”

பாதியிலும் தெரிந்தது. மூன்றில் ஒன்றுக்கு வந்ததும் கொம்பையா முகத்தைச் சுளித்தார்.

“கல் தெரியுதா?”

“கல்லு தெரியுது. சுளையெல்லாம் மங்கிட்டு மேடம்.”

“சுளையை எண்ணச் சொன்னேனா?”

கொம்பையா அடுத்த படத்துக்குப் போனார். நான்கில் ஒன்றிலும் கல் இருந்தது. பத்தில் ஒன்றில் எல்லாமே ரவையாகிவிட்டது. இருக்கிற மாதிரியும் இருக்கிறது, இல்லாத மாதிரியும் இருக்கிறது என்றார். நெஞ்சறிய இருக்கிறது என்று சொல்ல முடியாத இடத்துக்குப் போகக்கூடாது என்று பௌசியா சொன்னார்.

கொம்பையாவுக்கு முகமெல்லாம் பல். மூன்றில் ஒரு பங்கே தாராளம், பதில் கிடைத்துவிட்டது, சந்தனமாரி தப்பித்தாள் என்று நாற்காலியைச் சுழற்றினார்.

“கல்லைத் தவிர வேற எதுவும் பார்த்தீங்களா அண்ணாச்சி?”

“வேற ஒண்ணும் இல்லை மேடம்.”

பௌசியா கையில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு கத்தியை எடுத்தார். பழத்தைப் பிளந்து, முதலில் கல்லைத் தேடி எடுத்துக் குப்பியில் போட்டு மூடினார். பிறகு அதற்குப் பக்கத்தில் இருந்த சுளையை விரலால் விரித்தார். உள்ளே கொட்டை இல்லை. கொட்டை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு துண்டு நுங்கு, வழுவழுவென்று, ஆடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கதவைச் சாத்திய கால் மணி நேரத்தில் கல்லோடு சேர்த்து அவரே வைத்தது.

கொம்பையாவின் பல்லெல்லாம் உள்ளே போய்விட்டது. அது நுங்காக இல்லாமல் ஈரலில் ஒரு கட்டியாக இருந்திருந்தால் என்று அவருக்கு உடனே தோன்றியது. டாக்டர் சொன்னதுதான் சரி, குறைக்கவே கூடாது, குறைத்ததால்தானே கண்ணுக்குத் தப்பியது என்றார்.

பௌசியா கையைத் துடைத்துவிட்டு முதல் படத்தைத் திரையில் கொண்டுவந்தார். முழுக் கதிர். கல்லுக்குப் பக்கத்துச் சுளையில் பேனா முனையை வைத்தார். எல்லாச் சுளைக்குள்ளும் கொட்டை இருந்தது. அந்த ஒன்றில் மட்டும் கொட்டை இல்லை. சாம்பல் நிறத்தில் உருண்டையாக ஒன்று, யாருக்கும் ஒளியாமல் இருந்தது.

மூன்றில் ஒரு பங்குப் படத்தில் அதே இடம். அங்கே வெறும் ரவை.

“முதல் படத்தை எவ்வளவு நேரம் பார்த்தீங்க?”

“ரொம்ப நேரம்.”

“அதுல இருந்துச்சு.”

கொம்பையா அந்தச் சாம்பல் உருண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், நுங்கையும் தேடு என்று முன்னாலேயே சொல்லியிருந்தால் என்று ஆரம்பித்து நிறுத்தினார்.

“சொல்லியிருந்தா?”

“கதிரைக் குறைச்சிருக்க மாட்டேன். கண்ணுலயும் பட்டிருக்கும்.”

பௌசியா ஒரு சுளையை எடுத்து அவர் கையில் வைத்தார்.

இதற்குள் வாசனை வராந்தாவைத் தாண்டிவிட்டது. ஆக்னஸுக்கு ஆசையும் இருந்தது, பயமும் இருந்தது. ஐந்து தடவை ஸ்கேன் எடுத்த பழம், தின்றால் ராத்திரி வயிறு விளக்கு மாதிரி எரியாதா என்று கேட்டார். பௌசியா ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டு, கதிர் அப்போதே போய்விட்டது, பழம்தான் பாக்கி என்றார். ஆக்னஸ் அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை. வாய் நிறைய இருந்தது.

வாசனையைப் பிடித்துக்கொண்டு டாக்டர் ஞானாயுதமே இறங்கி வந்துவிட்டார். திரையைப் பார்த்தார். கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுப் பார்த்தார்.

“யாருவே இந்தம்மா? வயித்துக்குள்ள இத்தனை பிள்ளையா?”

பக்கத்தில் இருந்த மீதிப் பழத்தை ஆக்னஸ் காட்டினார். டாக்டர் சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசித்து, சிரிக்காமல் ஒரு சுளை எடுத்துக்கொண்டார்.

இருபது வருஷமாக டாக்டரிடம் கொம்பையா பேசியது இரண்டே வார்த்தை: சரி டாக்டர். அன்றைக்கு மூன்றாவதாக ஒன்று வெளியே வந்தது.

“டாக்டர், சந்தனமாரிக்கு மறுபடி சீட்டு எழுதியிருக்கியள்லா. என்னத்தத் தேடணும்?”

“வயிறுன்னு எழுதியிருக்கேம்லா.”

“வயிறு சரி டாக்டர். வயித்துல என்னத்த?”

டாக்டரின் வாய் சுளையோடு நின்றது. யாரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை. தானும் தன்னிடம் கேட்டதில்லை போலிருக்கிறது. மென்று விழுங்கிவிட்டு, கல்தான், இருக்கிறதா போய்விட்டதா என்று தெரிய வேண்டும், வேறொன்றும் இல்லை என்றார்.

கொம்பையா எது எத்தனை பங்கு என்று சொல்லாமல் ஐந்து படங்களையும் கலைத்துப் போட்டார். கல்லைக் காட்டச் சொன்னார். டாக்டர் நாலு படத்தில் பொசுக்கென்று விரல் வைத்தார். ஐந்தாவதைப் பார்த்து, இது உப்புமா என்று தள்ளினார். எது எத்தனை பங்கு என்று அதன் பிறகுதான் கொம்பையா சொன்னார்.

டாக்டர் உடனே மடங்குகிற ஆள் இல்லை. பலாப்பழம் மூச்சு விடாது, நெளியாது, உன்னைப் பார்த்துப் பயப்படாது, மனுஷ உடம்பு அப்படியா என்று கேட்டார். கேட்டதில் நியாயம் இருந்தது. பிறகு தீர்ப்புச் சொன்னார்.

“ஒரு தடவை பாப்பேன். எனக்கு நம்பிக்கையா சொல்ல முடியலைன்னா, முழுசா இன்னொண்ணு எடுக்கணும். சம்மதமா?”

கொம்பையா கையிலிருந்த சுளையைக் கீழே வைத்தார். சம்மதிக்க வேண்டியது அவரல்ல, படுக்கப் போகிறவள். இருந்தாலும் தலையாட்டினார்.

டாக்டர் போன பிறகு அவர் பௌசியாவிடம் திரும்பினார். பலாப்பழத்தில் பாதிக் கதிர்ப் படம் நன்றாகத்தானே இருந்தது. சந்தனமாரிக்கும் பாதிதானே குறைத்தேன். அன்றைக்கு மட்டும் ஏன் அவ்வளவு ரவை.

“அந்தப் படத்தைப் போடுங்க.”

போட்டார்.

“என்ன தெரியுது?”

“கிட்னி. ரவை.”

“ஓரத்துல?”

கொம்பையா ஓரத்தைப் பார்த்தார். உடம்பின் இரண்டு பக்கமும் இரண்டு வெள்ளை வட்டங்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் சீப்பால் வாரிய மாதிரி கோடு கோடாக வயிற்றுக்குக் குறுக்கே போயிருந்தது. முப்பது வருஷமாக எலும்பு பார்க்கிறவருக்கு அது என்னவென்று தெரிய ஒரு நொடி ஆகவில்லை. கை. இரண்டு கையும் பக்கவாட்டில் கிடக்கிறது. வயிற்றுக்குப் போக வேண்டிய கதிர், கையெலும்பைத் துளைத்துக்கொண்டு இளைத்துப்போய் உள்ளே நுழைந்திருக்கிறது.

அவருக்கு ஞாபகம் வந்தது. கையைத் தலைக்கு மேலே நீட்டச் சொன்னபோது அவள் தோள் வலிக்கிறது என்று சொன்னாள். பாவம், கிடக்கட்டும் என்று விட்டுவிட்டார். ஏற்கெனவே பாதியாகக் குறைத்த கதிரில் இந்தக் கையும் தன் பங்கை எடுத்துக்கொண்டது.

இந்தப் படத்தை அவர் குறைந்தது பத்துத் தடவை பார்த்திருப்பார். ஓரத்தைப் பார்த்ததில்லை.

“கையை எதுவரைக்கும் தூக்க முடியும்னு கேட்டீங்களா?”

“கேக்கலை மேடம்.”

பௌசியா பெட்டியை மூடினார். ஐந்தரை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

கொம்பையா தினமும் சைக்கிளில் வருகிற பாதை உப்பளத்தை ஒட்டித்தான் போகிறது. முப்பது வருஷமாகப் போகிறார். மறுநாள் காலையில் முதல் தடவையாக அங்கே சைக்கிளை நிறுத்தினார். பாத்திகளிலிருந்து பெண்கள் வரிசையாக உப்புச் சுமந்து வரப்பின்மேல் வந்துகொண்டிருந்தார்கள். ஒருத்தியின் கையும் நேராக நீண்டிருக்கவில்லை. முழங்கை மடங்கி, காதோரமாக உயர்ந்து, இரண்டு உள்ளங்கையும் தலையில் இருக்கிற கூடையின் விளிம்பைப் பிடித்திருந்தது. கூடையைத் தலைக்கு ஏற்றும்போது ஒவ்வொருத்தியும் ஒரு மூச்சு இழுத்து, அதை அப்படியே நிறுத்தி, கூடை உட்கார்ந்த பிறகுதான் விட்டாள்.

கொம்பையா நின்றுகொண்டே இருந்தார். வரிசையில் மூத்தவள் ஒருத்தி, “என்ன அண்ணாச்சி, உப்பு வாங்க வந்தியளா, எங்களைப் படம் பிடிக்கவா?” என்று கேட்டுவிட்டுப் போனாள். எல்லோரும் சிரித்தார்கள். கூடை ஒன்றும் சாயவில்லை.

குறித்த நாளில் சந்தனமாரி வந்தாள். அன்றும் வியாழக்கிழமை. பௌசியா மூலையில் உட்கார்ந்து தன் கருவிக்கு மின்கலம் மாற்றிக்கொண்டிருந்தார். டாக்டர் ஞானாயுதம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பரீட்சை ஹாலுக்கு வந்த இன்ஸ்பெக்டர் மாதிரி நின்றார்.

கொம்பையா முதலில் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னார். போன தடவை என்ன நடந்தது, இந்தத் தடவை மூன்றில் ஒரு பங்குக் கதிரில்தான் எடுக்கப் போகிறேன், படம் தேறாவிட்டால் இன்னொரு தடவை படுக்க வேண்டியிருக்கும். முழுசாகவே ஒரு தடவை எடுத்துவிடலாம் என்றாலும் சரி, எது வேண்டும் என்று கேட்டார். அவள் கொஞ்சம் யோசித்தாள். குறைத்தே எடுங்கள் என்றாள்.

படுத்தாள். கொம்பையா மேடையை ஏற்றி இறக்கி, வளையத்துக்குச் சரியாக நடுவில் அவளைக் கொண்டுவந்தார். மிஷினுக்குள் ஒரு பெண் குரல் உண்டு. மூச்சை இழு, நிறுத்து என்று இந்தியில், விமானம் கிளம்பப் போகிற தோரணையில் சொல்லும். உப்பளத்துக்காரர்கள் யாரும் இதுவரை அந்த அம்மாள் சொன்னதைக் கேட்டதில்லை. கொம்பையா அதை அணைத்தார்.

“தாயி, தலையில உப்புக் கூடை இருக்குன்னு நினைச்சுக்கோ. பிடிச்சுக்கோ.”

அவள் முழங்கை தானாக மடங்கி மேலே போனது. கண்ணுக்குத் தெரியாத கூடையின் விளிம்பை இரண்டு கையும் பற்றின.

“தோளு வலிக்கா?”

“இது வலிக்காது அண்ணாச்சி. இது நித்தமும் உள்ளதுதான.”

“கூடையை ஏத்தும்போது ஒரு மூச்சுப் பிடிப்பேல்லா. நான் ஏத்துன்னு சொன்னதும் பிடி. இறக்குன்னதும் விடு.”

கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் வந்து மைக்கை அழுத்தினார்.

“ஏத்து.”

படுக்கை வளையத்துக்குள் போனது. ஆறு நொடி. அவள் வயிறு கல்லாகக் கிடந்தது.

“இறக்கு.”

படம் திரையில் வந்தது. டாக்டர் குனிந்தார். வில்லை வில்லையாக மேலிருந்து கீழே போனார். கீழேயிருந்து மேலே வந்தார். கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளினார், திரும்ப இறக்கினார். ஆக்னஸ் வாசலில் நின்று கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார். பௌசியா மின்கலத்தைத் திருப்பிப் போட்டாரே தவிரத் தலை நிமிரவில்லை.

“ரவைதான்வே,” என்றார் டாக்டர்.

கொம்பையாவின் கை நாற்காலியின் முதுகைப் பிடித்தது. உள்ளே அந்தப் பெண் இன்னும் படுத்திருக்கிறாள்.

“திரும்ப எடுக்கணுமா டாக்டர்?”

டாக்டர் இன்னும் ஒருமுறை கீழே வரைக்கும் போய் வந்தார்.

“என்னத்துக்கு? ரவையில கல்லு கிடந்தா எனக்குத் தெரியாதா? கல்லு இல்லை. போயிட்டு.”

சொல்லிவிட்டுப் பேனாவைத் திறந்து ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டார். போகிற போக்கில், மேசையில் இருந்த ஸ்கேன் சீட்டுக் கட்டைத் திருத்தி எழுதத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வயிறு என்று மட்டும் எழுதியவை ஏழெட்டு இருக்கும்.

கொம்பையா கதவைத் திறந்து உள்ளே போனார். சந்தனமாரி அசையவில்லை. கண்ணை மூடியிருந்தாள். இரண்டு கையும் கூடையை இன்னும் பிடித்திருந்தது. இரண்டாவது தடவைக்குக் காத்திருந்தாள்.

“கூடையை இறக்கிரலாம் தாயி.”

அவள் கண்ணைத் திறந்தாள்.

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான். கல்லும் இல்லை.”

அவள் எழுந்து உட்கார்ந்தாள். செருப்பைத் தேடிக் காலைத் துழாவினாள். பிறகு போன தடவை கேட்டதையே கேட்டாள். சீட்டு ஆறு, படுத்தது ஏழு, இன்னும் எத்தனை தாங்கும்.

கொம்பையா இந்தத் தடவை தரையைப் பார்க்கவில்லை. அது தனக்குத் தெரியாது என்று சொன்னார். தெரிந்தது ஒன்று இருந்தது, அதைச் சொன்னார்.

“அடுத்தவாட்டி யாரும் சீட்டு எழுதினா, என்னத்தத் தேடுதியன்னு கேளு.”

“டாக்டர்கிட்டயா? நானா?”

“நான் கேட்டேன். கடிக்கலை.”

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார். உப்பளக் கங்காணியிடம் சொல்லித் தண்ணீர்ப் பானையை வரப்புக்கே கொண்டுவர ஏற்பாடு செய்கிறேன் என்று அவள் சொல்லிவிட்டுப் போனாள். போகும்போது கையை வீசிக்கொண்டு போனாள்.

கொம்பையாவுக்குக் கால் தரையில் இல்லை. மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பெரிய வெள்ளைத் தாளும் தடித்த பேனாவும் எடுத்தார். எழுத்து அழகாக வர வேண்டும் என்று ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார். வயிற்று ஸ்கேன், மூன்றில் ஒரு பங்கு கதிர், என்று எழுதினார். பிலிம் காலத்தில் இருட்டறைச் சுவரில் இப்படித்தான் எழுதி ஒட்டுவார்கள், இனி யார் வந்தாலும் யோசிக்கவே வேண்டாம். தாளை இரண்டு கையாலும் விரித்துப் பௌசியாவிடம் காட்டினார்.

“சுவத்துல ஒட்டிரட்டுமா மேடம்?”

பௌசியா தாளைப் பார்த்தார். பிறகு அதற்கு மேலே, திறந்த கதவு வழியாக வராந்தா பெஞ்சைப் பார்த்தார். ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். முதலில் ஒரு மெலிந்த மனிதர், கண்ணெல்லாம் மஞ்சள் பாய்ந்து, விலாவுக்குக் கீழே கையை வைத்து அமுக்கிக்கொண்டு.

“ஒட்டுங்க அண்ணாச்சி. மேலே சந்தனமாரின்னு பேர் எழுதி ஒட்டுங்க.”

கொம்பையா தாளைப் பார்த்தார். பெஞ்சைப் பார்த்தார். பேனாவை மூடிப் பையில் செருகிக்கொண்டு, தாளை நாலாக மடித்துக்கொண்டே வராந்தாவுக்குப் போய், மஞ்சள் கண்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, என்ன செய்கிறது என்று கேட்டார்.